கடைக்குப் போக ஒரு சாக்கு

ஆன் ஆர்பரில் படித்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டுக்குக் காய்கறி வாங்குகிற வேலை என்னுடையது. யாரும் என் தலையில் கட்டவில்லை, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஒரு அபார்ட்மெண்டில் ஐந்து பேர். மூன்று தமிழ், இரண்டு தெலுங்கு. ஒருவன் சமைப்பான், ஒருவன் பாத்திரம் தேய்ப்பான், ஒருவன் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவான். சனிக்கிழமை காலை நான் துணிப்பையை எடுத்ததும் சோபாவிலிருந்து மதுரைக்கார நண்பன் குரல் கொடுப்பான்.

"எங்கடா, மார்க்கெட்டா? பச்சை மிளகா தீந்துபோச்சு, மறந்துராத."

"சரிடா."

மார்க்கெட் பொய்யில்லை. கெர்ரிடவுன் பகுதியில் புதனும் சனியும் உழவர் சந்தை கூடும். குளிர்காலத்தில் சனி மட்டும். ஆப்பிள், பூசணி, தேன், கீரை என்று சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள். பச்சை மிளகாயைப் பெரும்பாலும் திரும்பும் வழியில் ஓர் ஆசியக் கடையில்தான் வாங்குவேன். சந்தைக்கு எதிரே, ஃபோர்த் அவென்யூவைத் தாண்டினால் பிரான் கோர்ட் என்று ஒரு சின்ன முற்றம். சுற்றிலும் பழைய காலத்து வீடுகள். ஒரு வீட்டில் 'அவுட்' பார். பெயரை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் எழுதாமல், அகராதியில் உச்சரிப்புக்குப் போடுவதுபோல் எழுதி, இரண்டு பக்கமும் சாய்கோடு போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே 'காமன் லாங்வேஜ்' என்ற புத்தகக் கடை. இன்னொரு வீட்டில் ஜிம் டாய் பெயரில் ஒரு சமூக மையம். ஊரிலிருந்த பால்புதுமையினர் எல்லோருக்கும் அந்த முற்றம் தெரியும். எனக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே தெரியும், கூகுள் புண்ணியத்தில்.

முதல் ஐந்தாறு சனிக்கிழமை தக்காளிக் கடையில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்ததோடு சரி. பிறகு ஒருநாள் ரோட்டைத் தாண்டினேன். பாருக்குள் போகத் தைரியமில்லை, புத்தகக் கடைக்குள் போனேன். படிக்கிற பையன் புத்தகக் கடைக்குப் போவதை யார் என்ன சொல்லிவிட முடியும்? கால் மணி நேரம் நின்றேன். எதுவும் வாங்காமல் வெளியே போனால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் கைக்கு வந்த தடித்த புத்தகத்தை எடுத்துக் கல்லாவில் வைத்தேன். அலிசன் பெக்டெலின் காமிக்ஸ் தொகுப்பு. வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டுவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியது. அந்த முற்றத்தைப் பற்றியதும்கூட. இரண்டையும் என்னால் தனித்தனியாகப் பேச முடியவில்லை. அந்தப் புத்தகமே அப்படிப்பட்டதுதான் என்பது என் வாதம்.

*

பெக்டெல் என்ற பெயரை நம்மில் பலர் 'பெக்டெல் சோதனை' வழியாகத்தான் கேள்விப்பட்டிருப்போம். ஒரு படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. 1985-ல் அவர் வரைந்த ஒரு காமிக்ஸில் வரும் நகைச்சுவை இது. யோசனை தன் தோழியுடையது என்று அவரே சொல்லியிருக்கிறார். இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த இன்னொரு பெக்டெல், 2006-ல் 'ஃபன் ஹோம்' என்ற படக்கதைத் தன்வரலாற்றை எழுதியவர். அது இசை நாடகமாகி 2015-ல் டோனி விருது வாங்கியது.

சோதனை இடம்பெற்ற காமிக்ஸ் தொடரின் பெயர் 'டைக்ஸ் டு வாட்ச் அவுட் ஃபார்'. 'டைக்' என்பது லெஸ்பியன்களைத் திட்டுகிற சொல். அதையே எடுத்துப் பெயர்ப்பலகை ஆக்கிக்கொண்டார். 1983-ல் நியூயார்க்கின் ஒரு பெண்ணியப் பத்திரிகையில் தொடங்கி 2008 வரை வந்தது. முதலில் தனித்தனிப் படங்கள். 1987 முதல் நிலையான பாத்திரங்கள். கோடு போட்ட சட்டையும் செய்தித்தாளுமாக உலகத்தின் எல்லாக் கவலையையும் தோளில் சுமக்கிற மோ. யாரைப் பார்த்தாலும் கண்ணடிக்கிற லோயிஸ். கல்லூரியில் பாடம் நடத்துகிற ஜிஞ்சர். கிளாரிஸ், டோனி தம்பதி, அவர்களுக்குப் பிறக்கிற மகன். பிற்பாடு வந்துசேர்கிற பேராசிரியை சிட்னி. மோவுக்கு முதலில் அவளைக் கண்டாலே ஆகாது, கடைசியில் அவளையே காதலிக்கிறாள். இருபது வருடத்தில் இவர்களுக்கு உண்மையாகவே வயதாகிறது. பின்னணியில் ரேகன் போய் புஷ் வந்து கிளிண்டன் வந்து மறுபடி புஷ் வருகிறார்.

விமர்சகர்கள் பொதுவாக ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். 'ஃபன் ஹோம்' இலக்கியம். காமிக்ஸ் தொடர் அதற்கு முந்தைய பயிற்சி, ஓர் இயக்கத்தின் நாட்குறிப்பு, சுவாரசியமான சோப் ஓபரா. நான் இதை ஏற்கவில்லை. தொடர்தான் அவருடைய பெரிய படைப்பு என்பேன். அதன் நடுவில் ஒரு கடை இருக்கிறது என்பதுதான் என் காரணம்.

கடையின் பெயர் 'மேட்விம்மின் புக்ஸ்'. பெண்கள் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஆண்கள் இருக்கக் கூடாது என்று அந்நாளைய பெண்ணியர்கள் எழுத்தை மாற்றி எழுதிய கிண்டலான வழக்கு அந்தப் பெயரில் இருக்கிறது. ஜெசானா என்ற கறுப்பினப் பெண் முதலாளி. மோவும் லோயிஸும் அங்கே வேலை பார்க்கிறார்கள். மினியாபொலிஸில் 1970-ல் தொடங்கப்பட்ட 'அமேசான்' என்ற பெண்ணியப் புத்தகக் கடைதான் இதற்கு முன்மாதிரி. பெக்டெல் அந்த ஊரில் சில காலம் வாழ்ந்தவர்.

இந்தக் கடைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்து ஒரு வாழ்த்து அட்டையைப் புரட்டலாம். பழைய காதலியும் புதிய காதலியும் ஒரே அலமாரி முன்னால் மாட்டிக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையில் அறை வாடகைக்கு, பூனைக்குட்டி இலவசம், ஊர்வலத்துக்கு வாருங்கள் என்று எல்லாம் ஒட்டியிருக்கலாம். நம்மூர் டீக்கடை பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். டீ குடிக்க மட்டும் யார் அங்கே உட்கார்கிறார்கள்? ஆனால் டீ இல்லாமல் உட்கார முடியாது. கையில் கிளாஸ் இருக்கிறவரை யாரும் 'என்ன வேணும்?' என்று கேட்க மாட்டார்கள்.

கடை ஒரு சாக்கு தருகிறது. இந்தச் சின்ன விஷயத்தைப் பெக்டெல் அளவுக்கு முழுசாக எழுதிய வேறொருவரை நான் படித்ததில்லை.

*

'ஃபன் ஹோம்' ஒரு வீட்டின் கதை. பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில் அப்பா பழுதுபார்த்துப் பழுதுபார்த்து மியூசியம்போல் ஆக்கிவைத்த பழைய வீடு. அப்பா ஆங்கில ஆசிரியர். குடும்பத் தொழிலான சவ அடக்க நிலையத்தையும் பார்த்துக்கொள்கிறார். ஆண்களை நேசிப்பவர் என்பதை வாழ்நாள் முழுக்க மறைக்கிறார். அந்த வீட்டில் ஒவ்வொரு நாற்காலிக்கும் இடம் உண்டு, உண்மைக்கு மட்டும் இடமில்லை. புத்தகத்தின் நுட்பம், இலக்கிய மேற்கோள்களின் அடுக்கு, திரும்பத் திரும்ப ஒரே நிகழ்வுக்கு வருகிற கட்டமைப்பு எல்லாமே அந்த வீட்டைப் போலத்தான். அழகு, இறுக்கம், கொஞ்சம் மூச்சுமுட்டல்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மூச்சு வந்த இடங்கள் இரண்டு. இரண்டும் கடைகளில் நடக்கின்றன.

முதல் இடம் பிலடெல்பியாவில் ஒரு சின்ன உணவுக் கடை. அலிசனுக்கு நாலைந்து வயது. அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். சரக்கு வண்டி ஓட்டுகிற ஒரு பெண் உள்ளே வருகிறாள். ஆண் உடை, வெட்டிய முடி, இடுப்பில் சாவிக்கொத்து. குழந்தை அசந்துபோய்ப் பார்க்கிறாள். இப்படியும் ஒரு பெண் இருக்கலாம் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. ஆனால் பார்த்த கணத்தில் தெரிந்துவிடுகிறது. அப்பாவும் பார்க்கிறார். இப்படி ஆகத்தான் ஆசையா என்று மகளைக் கேட்கிறார். குழந்தை இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்கிறாள். வண்டிக்காரப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவள் வேலையாக வந்தாள், போனாள். யாருக்கும் முன்மாதிரியாக இருக்க வரவில்லை.

இரண்டாவது இடம் கல்லூரி. ஓபர்லின் என்ற சிறிய கல்லூரி நகரம். பத்தொன்பது வயதில் அங்கிருந்த கூட்டுறவுப் புத்தகக் கடையில் தன்பாலீர்ப்பாளர்களின் நேர்காணல் தொகுப்பு ஒன்றைப் புரட்டுகிறாள். தான் யார் என்பது அங்கே நின்றபடியே பிடிபடுகிறது. அதன் பிறகுதான் நூலகம், அதன் பிறகுதான் மாணவர் சங்கக் கூட்டம், பெற்றோருக்குக் கடிதம். வரிசையைக் கவனியுங்கள். முதலில் கடை. சங்கத்துக்குள் நுழைய வேண்டுமானால் தான் யார் என்று ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும். கடைக்குள் நுழையக் கையில் கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும்.

அப்பாவின் வீட்டுக்கு மகள் தந்த பதில்தான் மேட்விம்மின் புக்ஸ் என்று நான் படிக்கிறேன். தொடரைத் தொடங்கிய இளம் பெக்டெல் இப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார். ஆனாலும் கதவு பூட்டிய வீட்டில் வளர்ந்தவர், காலை பத்து மணிக்கு ஷட்டர் தூக்குகிற ஓர் இடத்தை இருபது வருடம் வரைந்துகொண்டிருந்தார்.

*

கல்லூரி நகரத்தில் இப்படியொரு கடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு ஆன் ஆர்பரே நல்ல உதாரணம்.

1970-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கே விடுதலை முன்னணி ஒரு மாநாடு நடத்த வளாகத்தில் இடம் கேட்டது. பல்கலைக்கழகத் தலைவர் மறுத்துவிட்டார். மறுவருடமே, மாணவர்களின் அழுத்தத்தால், அதே பல்கலைக்கழகம் தன்பாலீர்ப்பு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதுதான் முதல் அலுவலகம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பகுதிநேர வேலையாட்கள் இரண்டே பேர். ஒருவர் ஜிம் டாய். 1970-லேயே டெட்ராய்ட்டில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் தான் ஒரு கே என்று மேடையில் அறிவித்தவர்.

1971-ல் அமெரிக்காவில் வாக்குரிமை வயது 18 ஆனது. கல்லூரி நகரங்களின் கணக்கே மாறியது. 1972-ல் ஆன் ஆர்பர் நகர மன்றத்துக்கு மனித உரிமைக் கட்சி என்ற சின்னக் கட்சியிலிருந்து இருவர் தேர்வானார்கள். அந்த வருடமே பாலீர்ப்பு அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நகரம் சட்டம் போட்டது. சட்டம் போட்டாயிற்று, அமல் யார் செய்வது? 1973-ல் உள்ளூர் உணவகம் ஒன்றில் நடந்த சம்பவத்தில் சட்டம் செயல்படவில்லை என்று சுட்டிக்காட்டும்போதுதான் அந்த இரு உறுப்பினர்களும், நான்சி வெக்ஸ்லரும் ஜெரி டிக்ரீக்கும், தங்களைப் பகிரங்கமாக அறிவித்துக்கொண்டார்கள். 1974 ஏப்ரலில் கேத்தி கொசசெங்கோ என்ற 21 வயது மாணவி, தான் லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் நின்று 52 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்படிச் சொல்லி நின்று அமெரிக்காவில் ஜெயித்த முதல் ஆள் அவர்தான். ஹார்வி மில்க்குக்கு மூன்று வருடம் முன்பு.

இவ்வளவு பெரிய வரலாறு அந்த ஊரில் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, பார் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்க்கும்வரை. கல்லூரி நகரத்துக்கு ஞாபகம் நிற்காது. போராடிய மாணவன் நாலு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்த ஆகஸ்டில் வருகிறவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவான். அலுவலகத்தில் கோப்பு இருக்கும். முகம் தெரிந்தவர் கடையில்தான் இருப்பார். இருபது வருடம் ஒரே கல்லாவில் நிற்கிறவருக்குத்தான் யார் எப்போது முதல்முறை வந்தார்கள், எப்படிக் கதவருகே தயங்கினார்கள் என்பது தெரியும்.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. 1984-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க மது அருந்தும் வயது 21 ஆனது. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு 21 ஆகியிருக்காது. பிறந்து வளர்ந்த ஊரை விட்டு முதன்முதலில் வெளியே வருகிற பதினெட்டு வயதில், சட்டப்படி பார் கிடையாது. அந்த மூன்று வருட இடைவெளியைப் புத்தகக் கடையும் காபிக் கடையும்தான் நிரப்பின. பெக்டெலின் உலகத்தில் பாரைவிடப் புத்தகக் கடை பெரிதாக இருப்பது ருசி சார்ந்த தேர்வு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

இங்கே பெக்டெலோடு சண்டை போட வேண்டிய இடம் வருகிறது.

மேட்விம்மின் புக்ஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள். பேசத் தெரிந்தவர்கள். சண்டை என்றால்கூடக் கோட்பாட்டுச் சண்டை. புத்தகத்தைச் சாக்காகப் பிடிக்கத் தெரியாதவர்கள் எங்கே போனார்கள்? லெஸ்லி ஃபைன்பெர்க்கின் 'ஸ்டோன் புட்ச் ப்ளூஸ்' நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1993-ல் வந்தது. பெக்டெலின் தொகுப்புகளை வெளியிட்ட அதே ஃபயர்பிராண்ட் பதிப்பகம்தான் இதையும் போட்டது. அந்தப் பதிப்பகம் இருந்ததும் ஒரு கல்லூரி நகரம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் இதாகா. நாவலின் களம் பஃபலோ என்ற தொழிற்சாலை ஊர். அங்கே பார் என்பது ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் ஒரே இடம். போலீஸ் வரும், இழுத்துக்கொண்டு போகும், அடிக்கும், அதைவிட மோசமானதும் செய்யும். மறுநாள் அதே பாருக்குத்தான் திரும்பி வர வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. பெக்டெலின் பாத்திரங்களுக்குக் கடை ஒரு சாக்கு. ஃபைன்பெர்க்கின் பாத்திரங்களுக்குச் சாக்குச் சொல்லவே வழியில்லை. தெருவில் நடந்தாலே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆட்ரி லார்ட் 1982-ல் எழுதிய 'ஜாமி' இன்னொன்றைச் சொல்கிறது. 1950-களின் நியூயார்க் லெஸ்பியன் பாரில் வாசல்காரர் வயதுச் சான்று கேட்பார். கூட வந்த வெள்ளைத் தோழிகளைவிட லார்டுக்கு வயது அதிகம். ஆனாலும் அவரைத்தான் கேட்பார்கள். 'எல்லோருக்கும் திறந்த கதவு' என்பதற்கு எப்போதும் ஒரு வாசல்காரர் உண்டு.

பெக்டெலுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. கடையில் நடக்கிற வாசிப்பு நிகழ்வில் திருநங்கை ஒருவர் படிக்கலாமா என்ற கேள்வி வரும்போது, எல்லா அநியாயத்துக்கும் குரல் கொடுக்கிற நம் மோ திணறுகிறாள். லோயிஸ் அவளைப் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது. தன் கதாநாயகியையே வாசல்காரியாக நிறுத்திக் காட்டுகிற நேர்மை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பல வருடம் கழித்து அதே தொடரில் ஜானிஸ் என்ற திருநங்கைச் சிறுமி முக்கியப் பாத்திரமாக வளர்கிறாள். இயக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது. காரணம் எளிது. கதைக்கு ஒரு கடை இருக்கிறது, கடைக்கு வருகிறவர்களை ஆசிரியரே முழுசாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆனாலும் பஃபலோவின் தொழிலாளி அந்தக் கடைக்குள் கடைசிவரை வரவில்லை. அது அந்தப் படைப்பின் எல்லை. ஃபைன்பெர்க் 2014-ல் இறப்பதற்கு முன் தன் நாவலை யாரும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கும்படி செய்தார். வாங்கக் காசில்லாதவர் கடைக்குள் எப்படி வருவார் என்ற கேள்விக்கு அவர் தந்த விடையாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

*

கடை மூடப்படும் பகுதிதான் தொடரிலேயே எனக்குப் பிடித்தது. பெரிய செயின் கடை ஊருக்கு வருகிறது. இணையக் கடை வருகிறது. பெக்டெல் ஒன்றுக்கு 'பவுண்டர்ஸ்' என்றும் மற்றதற்கு 'மெடூசா' என்றும் பெயர் வைக்கிறார். எதைச் சொல்கிறார் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். மேட்விம்மினின் வாடிக்கையாளர்கள் மெல்ல மெல்லக் குறைகிறார்கள். கடன் அட்டையில் கண்டபடி வாங்கிக் குவிக்கிற சிட்னி, கொள்கைக்காரியான மோவோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். வில்லனை வெளியே மட்டும் நிறுத்தாமல் வீட்டுக்குள்ளும் உட்காரவைத்தது பெக்டெலின் கெட்டிக்காரத்தனம். கடை மூடுகிறது. மோ நூலகம் படித்து நூலகர் ஆகிறாள். யாரும் சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் தற்செயலாகச் சந்திப்பது குறைந்துவிடுகிறது. போன் பண்ணி, நேரம் குறித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசகராக அந்த வித்தியாசத்தை நான் உடம்பில் உணர்ந்தேன்.

நிஜத்தில் நடந்தது கற்பனையைவிட விசித்திரம். மினியாபொலிஸின் அமேசான் கடை, தன் பெயரை எடுத்துக்கொண்ட இணைய நிறுவனத்தின்மேல் 1999-ல் வழக்குப் போட்டது. அந்த வருடமே சமரசமானது. 2008-ல் பெயர் மாறி, 2012-ல் மூடப்பட்டது. பெக்டெல் கிண்டலடித்த 'பார்டர்ஸ்' புத்தக நிறுவனம் பிறந்ததே ஆன் ஆர்பரில்தான், 1971-ல். பல்கலைக்கழகத்தில் அந்த அலுவலகம் திறந்த அதே வருடம். சின்னக் கடைகளை விழுங்கும் பூதமாக அவர் வரைந்த அது 2011-ல் திவாலானது. நான் 2012-ல் போனபோது லிபர்ட்டி தெருவில் அவர்களுடைய பெரிய கடை இல்லை. காமன் லாங்வேஜ் இருந்தது! 2003-ல் பார் நடத்தியவர்களே அந்தப் புத்தகக் கடையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பீர் விற்ற காசு இல்லையென்றால் புத்தகங்கள் அவ்வளவு நாள் தாங்கியிருக்காது என்று நினைக்கிறேன். 2018-ல் புத்தகக் கடையும், 25 வருடம் நடந்த பார் 2020-ல் கொரோனாவிலும் மூடப்பட்டன.

பெக்டெலின் தொடர் வெளிவந்ததும் இந்தப் பொருளாதாரத்தில்தான். பல ஊர்களின் கே, லெஸ்பியன் பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அந்தப் பத்திரிகைகளில் பல இலவசமாக பார்களிலும் புத்தகக் கடைகளிலும் கிடக்கும், அதே கடைகளின் விளம்பரத்தில் ஓடும். கடை பத்திரிகையைத் தாங்கியது, பத்திரிகை காமிக்ஸைத் தாங்கியது, காமிக்ஸ் கடையை வரைந்தது. 2008-ல் தொடர் நின்றபோது மற்ற இரண்டும் ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்தன.

*

இதுவரை சொன்னதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. சாக்கு, சாக்கு என்று புகழ்கிறாயே, அது ஒளிந்து வாழ்வதன் இன்னொரு பெயர்தானே? இன்று செயலி இருக்கிறது, நேராகவே பேசலாம், காய்கறிப் பை எதற்கு?

உண்மைதான். சாக்குத் தேவைப்படாத உலகம்தான் வேண்டும். ஆனால் செயலியில் நான் தேர்ந்தெடுப்பவர்களை மட்டும்தான் பார்ப்பேன். என் வயது, என் ரசனை, ஐந்து மைல் சுற்றளவு.

2013 டிசம்பர் 11 அன்று 377-ஆம் பிரிவு செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று மாலை பை எடுக்காமலே கிளம்பினேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாரில் பக்கத்து ஸ்டூலில் ஒரு கிழவர். அவருக்கு இந்தியாவில் என்ன நடந்தது என்று தெரியாது, எனக்குச் சொல்லவும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தன் உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு ஒரு மணி நேரம் ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேசினார். எனக்கு ஐஸ் ஹாக்கி இன்றுவரை புரியாது. எந்தச் செயலியும் அவரை எனக்குக் காட்டியிருக்காது.

மூன்று மாதம் கழித்து, மார்ச் 21, வெள்ளிக்கிழமை, மிச்சிகனின் திருமணத் தடை செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். மறுநாள் நான்கு கவுண்டிகளில் விடுமுறையிலும் அலுவலகத்தைத் திறந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்று மாலை நிறுத்திவைப்பதற்குள் சுமார் 300 தம்பதிகள் மணம் முடித்தார்கள். ஆன் ஆர்பரும் அதில் ஒன்று. சனிக்கிழமை ஆனதால் அன்றும் நான் சந்தைக்குப் போனேன். திரும்பும்போது பையில் முட்டைக்கோஸ் இருந்தது என்று ஞாபகம்.

2020-ல் பார் மூடுகிற செய்தி வந்தபோது அதை ஃபேஸ்புக்கில் பகிர்ந்து, முதல்முறையாக நாலு வரி எழுதினேன். மதுரைக்காரன் டல்லாஸிலிருந்து கூப்பிட்டான். கொஞ்ச நேரம் வேலை, பிள்ளைகள் என்று பேசிவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்றான்.

"எப்படி?"

"மிச்சிகன்ல ஜனவரி மாசம் எந்தப் பண்ணையிலடா பச்சை மிளகா காய்க்குது?"

"அப்புறம் ஏண்டா கேக்கல?"

"நீ சொல்றப்ப சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன். நான்தானே வாராவாரம் மிளகா தீந்துபோச்சுன்னு சொன்னேன்? என்னைக்காவது ஃப்ரிட்ஜைத் தெறந்து பாத்திருக்கியா? எப்பவும் ரெண்டு பாக்கெட் கெடந்துச்சு."